தொட்டில் அச்சு: மலையக எழுத்தின் தொடக்கத்தை எங்கே குறிப்பது?

1. கேள்வி

மலையக இலக்கிய வரலாற்றைச் சொல்லும் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரு ‘முதல்’ வரிசையோடுதான் புறப்படுகின்றன: முதல் நூல், முதல் பத்திரிகை, முதல் பெண் படைப்பாளி, முதல் நாவல். பழைய புத்தகக் கட்டுகளிலும் ஆவணக் காப்பகங்களிலும் ஆண்டுக்கணக்கில் தேடியவர்கள் இந்த வரிசையை உருவாக்கித் தந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் விவாதிப்பதற்கே நமக்கு எதுவும் இருந்திராது. ஆனால் ஒன்றை ‘முதல்’ என்று சொல்வதற்கான அளவுகோல் எது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. அச்சேறிய ஆண்டா, எழுதியவர் பிறந்த இடமா, நூல் பேசும் பொருளா, அதை யார் வாசித்தார்கள் என்பதா? அளவுகோல் மாறும்போது தொடக்கமும் இடம் மாறுகிறது.

நூல் வரலாற்றுத் துறையில் தொடக்கத்தைக் குறிக்கப் புழங்கும் ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, மலையக எழுத்தின் தொடக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. சொல்லின் பொருள் வரலாறு, இதுவரையான விளக்கங்கள், 1869 முதல் 1940 வரையான சான்றுகள், வாய்மொழிப் பாடல்கள் எழுப்பும் சிக்கல் என்ற வரிசையில் விவாதம் செல்கிறது.

2. சொல்லும் அதன் எல்லைக்கோடும்

‘இன்குனாபுலா’ என்பது இலத்தீன் பன்மைச் சொல். பிறந்த குழந்தையைச் சுற்றி வைக்கும் துணி என்பதும் தொட்டில் என்பதும் அதன் நேர்ப்பொருள். அதிலிருந்து பிறந்த இடம், எந்த ஒன்றினதும் இளம்பருவம் ஆகிய பொருள்கள் கிளைத்தன. கி.மு. 59இல் அத்திக்கசுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சிசரோ தன் முன்னோரின் மலைகளையும் இந்தச் சொல்லையும் அருகருகே வைக்கிறார். அங்கே அதற்குப் பிறப்பிடம் என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் அச்சுக்கலையின் பக்கம் திரும்பியது. அச்சின் வரலாறு பற்றி 1640 அளவில் வெளியான தமது சிறுநூலில் ஜேர்மானியரான பேர்னார்ட் வொன் மாலின்க்ரோட், கூட்டன்பேர்க் காலம் முதல் 1500 வரையான பருவத்தைக் குறிக்க இதைக் கையாண்டார். பின்னர் அப்பருவத்து நூல்களுக்கே அது பெயராயிற்று. இன்று ஐரோப்பிய நூலகங்கள் 1500 டிசம்பர் 31 வரை உலோக அச்செழுத்தில் அச்சான நூல்களை இப்பெயரால் பட்டியலிடுகின்றன. அவ்வாறு அறியப்பட்ட பதிப்புகள் ஏறத்தாழ 30,000.

அந்த டிசம்பர் 31இல் அச்சுத் தொழிலில் எந்தப் பெரிய மாற்றமும் நிகழவில்லை. முழு எண்ணில் நூற்றாண்டு முடிகிறது என்ற வசதிக்காகவே கோடு அங்கே போடப்பட்டது. தமிழுக்கு அந்தக் கோடு பொருந்தவும் பொருந்தாது. உரோமன் எழுத்தில் தமிழைத் தாங்கிய ‘கார்த்தில்யா’ 1554இல் லிஸ்பனில் அச்சானது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஐரோப்பிய வரையறையை அப்படியே ஏற்றால் தமிழில் ஒரு தொட்டில் நூல்கூட இல்லை.

ஆகவே இந்தச் சொல்லை இரண்டு விதமாக ஆளலாம். ஒன்று, குறித்த ஆண்டுக்கு முற்பட்டது என்ற நாட்காட்டிப் பொருள். மற்றது, ஒரு சமூகத்தின் அச்சு தன் எழுத்தாளரையும் வாசகரையும் வடிவத்தையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பருவம் என்ற உறவுப் பொருள். நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். அதைத் ‘தொட்டில் அச்சு’ என்று அழைக்கிறேன். இப்பொருளில் ஒரு பருவத்தின் முடிவு ஓர் ஆண்டால் தீர்மானமாவதில்லை. யார் எழுதுகிறார், யாரை நோக்கி எழுதுகிறார், வாசிப்பவரிடம் எதை எதிர்பார்க்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

3. இதுவரையான விளக்கங்கள்

மலையக எழுத்தின் தொடக்கம் குறித்து மூன்று நிலைப்பாடுகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது வாய்மொழியை அடித்தளமாகக் கொள்வது. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983), சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ (1993) ஆகியவை இதற்கு வலுவூட்டுகின்றன. தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றிலேயே இம்மக்களின் இலக்கியம் பிறந்தது என்பது இதன் சாரம்.

இரண்டாவது பத்திரிகையையும் தொழிற்சங்கத்தையும் மையமாக்குவது. சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ (1988) இந்தப் பார்வைக்கு ஆதார நூல். இதன்படி 1920களே நவீன மலையக எழுத்தின் வாசல்.

மூன்றாவது பழைய அச்சு நூல்களைத் தேடியெடுத்து அவற்றின் அதிகார உறவுகளைப் படிப்பது. மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ (2014) இதில் முதன்மையானது. ஆபிரகாம் ஜோசப்பின் கும்மி நூலையும், துரைமார் தமிழ் கற்க எழுதப்பட்ட கைநூல்களையும், அஞ்சுகம் போன்ற மறக்கப்பட்ட எழுத்தாளர்களையும் அந்நூல் வாசகர் முன் வைத்தது.

இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. என்றாலும் மூன்றும் ‘தொடக்கம்’ என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றன: முதலாவதில் படைப்பாற்றலின் தொடக்கம், இரண்டாவதில் அரசியல் குரலின் தொடக்கம், மூன்றாவதில் அச்சுச் சான்றின் தொடக்கம். பட்டியல் தயாரிக்கும்போது இவை கலந்துவிடுவதே குழப்பத்தின் ஊற்று.

4. 1869: ஒரு நூலும் ஒரு நோயும்

அச்சான ஆண்டை மட்டும் பார்த்தால் நமக்குத் தெரிந்தவற்றுள் முன்னே நிற்பது ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. ஆண்டு 1869. ஆசிரியர் கோப்பித் தோட்டமொன்றில் தலைமைக் கண்டக்டராக இருந்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளை நிர்வாகத்தின் நிலையில் நின்று கும்மிப் பாட்டாகச் சொல்கிறது இந்நூல்.

இச்சான்றை எடைபோடும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலில், வடிவம். கும்மி உழைக்கும் பெண்களின் கூட்டு ஆட்டத்துக்குரியது. அதைத் தேர்ந்தவர் தம் செய்தி யாருடைய காதில் விழ வேண்டும் என்பதை அறிந்தே தேர்ந்திருக்கிறார். அடுத்தது, எழுதியவரின் இடம். கண்டக்டர் துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவில் நிற்பவர். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று மேலிருந்து கீழே சொல்லுவதே அவருடைய உத்தியோகம். நூலின் குரலும் அந்த உத்தியோகத்தின் குரலே.

மூன்றாவது, காலம். அதே 1869இல்தான் கோப்பி இலையைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சணம் இலங்கையில் இனங்காணப்பட்டு அறிவியல் பெயரும் பெற்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி வளர்ப்பதைப் பாடிய நூல், கோப்பியின் அழிவு தொடங்கிய ஆண்டில் வெளிவந்தது. எனவே அதற்கு நேர்வாரிசு என்று சொல்லத்தக்க நூல் மரபு உருவாகவில்லை. தொடர்ச்சியைத் தராத ஒன்றைத் ‘தொடக்கம்’ என்பதா, ‘முந்தியது’ என்பதா? நாட்காட்டியில் அது முந்தியது. மரபு ஒன்றின் தொடக்கம் என்று கொள்ள இன்னும் சான்று தேவை.

ஹட்டன்–நுவரெலியா வட்டாரத்துக்கு இந்த வேறுபாடு கூடுதல் முக்கியம். கோப்பிக் காலத்தின் முதற்பகுதி கண்டியையும் கம்பளையையும் சுற்றியே நடந்தது. டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் காடு வெட்டித் தோட்டம் போட்டது பெரும்பாலும் 1860களிலும் 70களிலும். புகைவண்டி 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ‘மலையகத்தின் தொடக்கம்’ என்று பொதுவாகச் சொல்லும் ஆண்டு எதுவும் இந்த மலைகளுக்கு அப்படியே பொருந்தாது.

5. மக்களைப் பற்றிய ஏடுகள்

தோட்ட மக்களின் வாழ்வில் முதலில் நுழைந்த ஏடு புத்தகம் அன்று. ‘துண்டு’ அதற்கு நல்ல சான்று. கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்டிருந்த கடன் தொகையைக் குறித்து, அதைக் கட்டினால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை கொடுத்த சீட்டு அது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாறுவது இந்தக் காகிதத்தின் மேல்தான் நடந்தது. கடனும் காகிதத்தோடு சேர்ந்தே மாறியது. பேர் பதியும் செக்ரோலும் இவ்வகையினதே. நாட்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதை அந்தப் புத்தகம் தீர்மானித்தது; அதில் எழுதப்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

துரைமாருக்கான தமிழ்க் கைநூல்களை இந்த வரிசையின் நீட்சியாகவே கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஃபேர்கசன் நிறுவனம் வெளியிட்ட சின்னத்துரைமாருக்கான வழிகாட்டியின் தலைப்பே ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பவரின் ‘கூலித்தமிழ்’ வந்தது. தலைப்புகளே இந்நூல்களின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகின்றன: வினைமுற்றுகளுள் ஏவலே இங்கு முதன்மை. தோட்டத்துப் பேச்சுத்தமிழ் அச்சில் பதிவான ஆரம்பச் சான்றுகளுள் இவை அடங்கும் என்பதை மறுக்க முடியாது. மொழியியலாளருக்கு இவை பெறுமதி மிக்கவை. ஆனால் அந்தப் பேச்சுக்குரியவர்கள் இந்நூல்களின் வாசகர்கள் அல்லர். அவர்கள் கட்டளையைக் கேட்பவர்கள் மட்டுமே.

துண்டு, செக்ரோல், கைநூல், கும்மி நூல் ஆகிய நான்கிலும் எழுத்து ஒரே திசையில் ஓடுகிறது. பங்களாவிலிருந்தும் ஆபிசிலிருந்தும் லயத்தை நோக்கி இறங்கும் எழுத்து அது. மலையகத்தின் தொட்டில் அச்சுப் பருவம் என்று நான் கருதுவது இதையே.

6. 1921க்குப் பின்

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு கொழும்பில் கோ. நடேசய்யர் ஆசிரியராக இருந்து நடத்திய ‘தேசநேசன்’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் காரண–காரியத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆயினும் ஏட்டின் திசை மாறிய காலம் ஏறத்தாழ இதுவே என்று காட்ட இந்த ஆண்டு உதவுகிறது.

தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த நடேசய்யர் தோட்டங்களுக்குள் அந்நியர் நுழையத் தடையிருந்த நாளில் துணி வியாபாரியாகப் போய் நிலைமையை அறிந்தவர். 1924இல் ‘தேசபக்தன்’ ஆரம்பமானது. சட்டநிரூபண சபையில் இடம்பெற்றபோதும், 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ‘நீ மயங்குவதேன்?’ (1931) கட்டுரைகள். ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ (1937) நாடகம். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். அவர் இயற்றிய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் நூலாயின.

1869இன் கும்மியையும் 1940இன் பாட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பாட்டு. இரண்டும் எழுத்தறியாதவரின் காதை நம்பியே எழுதப்பட்டவை. இரண்டையும் எழுதியவர்கள் கொழுந்து கிள்ளியவர்கள் அல்லர். மாறியிருப்பது கேட்பவரிடம் எதிர்பார்க்கப்படும் செயல். முன்னது வேலையைச் சரியாகச் செய்யச் சொல்கிறது. பின்னது தன் நிலையைத் தானே எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறது. வாசகரை நீதி கேட்பவராக எண்ணிய எழுத்து இங்கேதான் நிலைபெறுகிறது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியிருந்தது. அந்தப் பாடசாலைகள் எத்தனை குறையுடையனவாக இருந்தாலும், லயத்தில் ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்கும் சூழலுக்கு அவை ஓரளவு உதவின.

7. வாய்மொழி: ஆண்டு குறிக்க முடியாத தொடக்கம்

இவ்வளவும் அச்சை மட்டும் அளவுகோலாகக் கொள்வதாகாதா? பாட்டுத்தானே முந்தியது? இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

வாய்மொழிப் பாடல்களுக்குக் காலம் குறிக்க ஆய்வாளர் பயன்படுத்தும் ஒரு வழி சொற்சான்று. பாட்டில் ‘கோப்பி’ வந்தால் அது தேயிலைக்கு முந்தியது என்பர். ‘கண்டிச்சீமை’ என்ற சொல் வந்தால் மலைப்பகுதி முழுவதையும் கண்டியாகவே எண்ணிய வருகைக் காலத்தோடு சேர்ப்பர். இம்முறைக்கு வரம்பு உண்டு. கோப்பிச் செடி அழிந்த பிறகும் ‘கோப்பிக் காலம்’ என்ற வழக்கு பேச்சில் நீடித்தது. பழைய சொல் புதிய பாட்டிலும், புதிய சொல் பழைய மெட்டிலும் ஏறும். மெட்டும் வடிவமும் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களிலிருந்து வந்தவை. தாலாட்டின் பிறப்பிடம் காவிரிக் கரையா, டிக்கோயா லயமா என்று கேட்டால், மெட்டுக்கு ஒரு விடையும் பொருளுக்கு வேறு விடையும் கிடைக்கும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் இந்நிலையினவே.

ஆகவே வாய்மொழிக்கு ஆண்டு குறிப்பது பிழையான முயற்சி. அதன் தொன்மையை ஒப்புக்கொள்ளலாம்; அதை ‘முதல்’ வரிசையில் ஓர் எண்ணாக அடைக்க முடியாது. அது ஏட்டுக்கு வந்த நிகழ்வுக்குத்தான் ஆண்டு உண்டு. பாட்டு அதற்கு எவ்வளவோ காலம் முந்தியது. பாடியவர் ஆண்டு குறிக்காத ஒன்றுக்குத் தொகுப்பாளரின் ஆண்டைச் சூட்டுவது பாடியவரின் உரிமையை மறைப்பதாகும்.

8. அளவுகோலைச் சோதித்தல்

நான் முன்வைக்கும் அளவுகோலுக்கு ஒரு கடினமான சோதனை சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். எழுதியவரின் பிறப்பை வைத்துப் பார்த்தால் மலையகத்தின் சொந்தப் படைப்பாளி என்ற பட்டத்துக்கு இவரை விடப் பொருத்தமானவர் அரிது. ஆனால் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடிய அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் வந்தது. சக்தீ பால ஐயா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கிய பிறகே அது மலையக வாசகரிடம் பரவலாகச் சேர்ந்தது.

மண்ணில் பிறந்தவர் மண்ணுக்கு வெளியே இருந்தவரை நோக்கி எழுதினார். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த நடேசய்யர் லயத்தை நோக்கி எழுதினார். எழுதியவரின் பிறப்பை மட்டும் அளவுகோலாக்கினால் இந்த முரண் நம் கண்ணில் படாது. வாசகரை அளவுகோலாக்கினால் இருவரின் பணியும் வெவ்வேறு இடத்தில் தெளிவாக நிற்கிறது. இதனால் சி.வி.யின் இடம் குறைவதில்லை. நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பற்றி, அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை அந்தக் காலத்துக்கு இருந்தது.

9. தொடக்கமும் பிறப்பிடமும்

இந்தக் கேள்வி நூற்பட்டியல்காரரின் கவலையோடு நிற்பதில்லை. 1911 குடிசனமதிப்பு இவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியே பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்தவரே ஆயினும் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. ‘உங்கள் தொடக்கம் எங்கே?’ என்ற கேள்வி இம்மக்களிடம் முதலில் சட்டத்தின் வாயிலிருந்தே வந்தது. அதற்குக் காகிதத்தில் விடை கேட்கப்பட்டது. காகிதத்தை வைத்திருந்ததோ தோட்ட நிர்வாகமும் அரசும். 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட முற்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2023இன் ‘மலையகம் 200’ நினைவுகூரல்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜோர்ஜ் பேர்ட் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்தை ஒட்டி 1823 தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகிறது. 1824 என்போரும் உண்டு. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் நடந்த திசையில் மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். 1823 என்பதும் 1500 போல ஒரு வழக்காறே. ஆனால் இங்கே கோட்டைப் போட்டவர்கள் அந்த வரலாற்றுக்குரியவர்கள். முன்பு அரசு கேட்ட கேள்விக்கு இப்போது அவர்களே ஆண்டும் பாதையும் குறித்து விடை சொன்னார்கள். இலத்தீன் சொல்லின் இரண்டு பொருள்களான தொடக்கமும் பிறப்பிடமும் மலையகத்தில் பிரிக்க முடியாதபடி ஒரே வழக்காக இருப்பதை இது காட்டுகிறது.

10. முடிவு

மலையகத்தின் ‘முதல் நூல்’ எது என்ற கேள்விக்கு 1869 என்ற விடை, புதிய சான்று கிடைக்கும் வரை நிற்கும். ஆனால் மலையக எழுத்தின் தொடக்கம் 1869 என்று அதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. தோட்டத்தைப் பற்றியும் தொழிலாளருக்கு மேலிருந்தும் எழுதப்பட்ட ஏடுகளின் நீண்ட பருவம் தொட்டில் அச்சு. 1921 முதல் 1940 வரையான இரு பத்தாண்டுகளில் அது வாசகரை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றமே தொடக்கம். வாய்மொழி இவ்விரண்டுக்கும் வெளியே, தன் கணக்கில் நிற்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முறையும் பிறக்கிறது. 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அச்சான நூல்களைப் பதிவு செய்ய வைத்தது. அதற்கு முற்பட்டவற்றைத் தேடுவது கடினம், பிற்பட்டவற்றிலும் துண்டுப் பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும் விடுபட வாய்ப்பு அதிகம். நூலகங்களும் எண்ணிம ஆவணக் காப்பகங்களும் மலையகப் பட்டியலைத் தயாரிக்கும்போது ஆண்டு, ஆசிரியர், அச்சகம் ஆகியவற்றோடு ‘யாரை நோக்கியது’ என்ற ஒரு விவரத்தையும் சேர்க்க வேண்டும். துரைமார் கைநூலும் சங்கத்தின் பாட்டுப் புத்தகமும் அப்போது ஒரே ‘முதல்’ வரிசையில் போட்டியிட வேண்டியிராது. சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டு, கூட்ட அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் போன்ற சில்லறைக் காகிதங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வீட்டு டிரங்குப் பெட்டிகளில் அவை இன்னும் கிடைக்கக்கூடும். சேகரிக்கும் வேலையைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடமிருந்து தொடங்கலாம்.